டீச்சர், பணியாளர், தொண்டர்: அங்கன்வாடிப் பணியின் தகுதிநிலை குறித்து

ஊரில் அவரைப் 'பால்வாடி டீச்சர்' என்பார்கள். மாநில அரசின் ஆணைகளில் அவர் 'அங்கன்வாடிப் பணியாளர்'. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லும்போது அவர் மதிப்பூதியம் பெறும் கௌரவப் பணியாளர் ஆகிவிடுகிறார். தம் ஊர்க் குழந்தைகளுக்காகப் பகுதி நேரம் ஒதுக்கத் தாமாக முன்வந்த உள்ளூர்ப் பெண். ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஊதிய மதிப்பு இருக்கிறது.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் கற்றலையும் வளர்ச்சியையும் உடல்நலத்தையும் ஒருசேரக் கவனிக்கும் வேலை, தனித்த அறிவும் பயிற்சியும் வேண்டிய தொழிலா? அல்லது பெண்ணுக்கு இயல்பாகவே உண்டென்று நம்பப்படும் தாய்மைக் குணத்தின் நீட்சியா? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான். இதற்கு அரசு வெளிப்படையாக விடை சொன்னதில்லை. ஆனால் நியமனத்திலும் ஊதியத்திலும் பயிற்சி நாள்களின் எண்ணிக்கையிலும் 1975 முதல் விடை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த விடை தவறானது என்பது என் வாதம். அதற்கான சான்று தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது.

1. முற்றத்திலிருந்து திட்டத்துக்கு

'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லும் வடிவமும் தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்னும் இரு மராத்தியக் கல்வியாளர்களின் சோதனைகளிலிருந்து வந்தவை. இருவரும் 1945இல் மகாராஷ்டிரக் கடலோர ஊரான போர்டியில் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினர். பின்னர் கோஸ்பாட் குன்றுப் பகுதியின் பழங்குடிக் குழந்தைகளிடையே அதைத் தொடர்ந்தனர். பள்ளிக்கு வராத குழந்தையிடம் பள்ளி போக வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். குடியிருப்பின் முற்றத்தில் குளிப்பாட்டுவதும் பாடுவதும் எண்ணுவதும் கதை சொல்வதும் ஒரே வேலையின் பகுதிகளாக இருந்தன. அவ்வேலையைச் செய்தவர்கள் மாண்டிசோரியின் முறையைக் கற்று, அதை இந்திய வறுமைக்கு ஏற்ப மாற்றியமைத்த ஆசிரியர்கள். மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம். சிறு குழந்தைக்குக் கற்பிப்பது பயின்று பெற வேண்டிய திறன் என்ற கருத்து நமக்குப் புதியதன்று.

மீனா சுவாமிநாதன் தலைமையில் மழலைப் பருவக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்து ஆராய்ந்த குழு 1972இல் அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. துணை உணவு, முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் என ஆறு சேவைகள். மருத்துவம் சார்ந்தவற்றைச் சுகாதாரத் துறை பகிர்ந்துகொண்டாலும், குழந்தைகளைத் திரட்டி வைப்பதும் பதிவு வைப்பதும் ஒரு பணியாளரிடமும் ஓர் உதவியாளரிடமும் விடப்பட்டன.

கோஸ்பாடின் முற்றம் திட்டமாக மாறியபோது வடிவம் வந்து சேர்ந்தது. முற்றத்தில் நின்ற ஆசிரியர் வரவில்லை. அவருடைய இடத்தில் மதிப்பூதியம் பெறும் உள்ளூர்ப் பெண் நிறுத்தப்பட்டார். செலவைக் குறைப்பது ஒரு காரணம். குழந்தை வளர்ப்பு எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதானே என்ற எண்ணம் இன்னொரு காரணம். முதலாவதை நிதி கூடும்போது மாற்றிவிடலாம். இரண்டாவதுதான் அரை நூற்றாண்டாக அசையாமல் நிற்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு படிவமும் சேர்ந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டத்தின் பணியிடங்களில் ஆதரவற்ற பெண்களுக்கும் கணவரை இழந்தோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய முடிவு அது; அதன் மனிதநேயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக, குழந்தைகள் மையத்து வேலை என்றாலே ஆதரவற்ற பெண்ணுக்கு அரசு செய்யும் உதவி என்ற பார்வை வேரூன்றியது. உதவியாகத் தரப்பட்ட வேலைக்கு உரிமையாக ஊதியம் கேட்பது கடினம்.

2. கொட்டாம்பட்டியில் தெளிவாக இருந்த வேலை

உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாமல் நிற்கும் அல்லது சரியும் குழந்தைகளுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் துணை உணவு தருவது அதன் முறை. குழந்தை தேறியதும் உணவு நிறுத்தப்படும், கண்காணிப்பு தொடரும். மற்ற நேரம் தாய்மாருடன் பேசுவதற்கு உரியது.

ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம் கவனிக்கத்தக்கது. உள்ளூரில் வறுமையில் வாழ்ந்தும் தன் குழந்தையை நல்ல உடல்நலத்துடன் வளர்த்த தாய்க்கு முன்னுரிமை. வறுமையிலும் பிள்ளையைத் தேற்றத் தெரிந்தவளிடம் ஓர் அறிவு இருக்கிறது என்று திட்டம் நம்பியது. தாய்மையைக் குணமாகப் பார்ப்பதற்கும் அறிவாகப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. அதன்மேல் பயிற்சியும், ஏறத்தாழ பத்துப் பணியாளருக்கு ஒருவர் என்ற அளவில் நெருக்கமான மேற்பார்வையும் சேர்ந்தன. கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடு கூறியது.

இத்திட்டத்துக்கு நியாயமான விமர்சனங்களும் உண்டு. முன்பருவக் கல்வி அதில் இல்லை. தேறிய குழந்தைக்கு உணவை நிறுத்துவது, பசி நிலவும் ஊரில் தாய்க்குப் புரியவைக்க முடியாத காரியம். உணவை எல்லோருக்கும் உரிமையாகத் தர வேண்டும் என்ற இன்றைய நிலைப்பாடே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருந்தது: வேலை எது என்று தெளிவாகச் சொல்லி, அதைச் செய்ய நேரமும் துணையும் தந்தால் ஊர்ப் பெண்ணே தேர்ந்த ஊட்டச்சத்துப் பணியாளர் ஆகிறார். 1990களில் அத்திட்டம் முடிந்து எல்லாம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்ற ஒரே குடைக்குள் வந்தபோது வேலைகள் சேர்க்கப்பட்டன, கைகள் சேர்க்கப்படவில்லை.

3. எடைக்கருவிக்கு முன்னால் நிற்பவருக்கு என்ன தெரிய வேண்டும்

இவ்வேலைக்குத் தனித் திறன் தேவையில்லை என்போர் எடை போடும் நாளில் ஒருமுறை மையத்துக்குப் போய்ப் பார்க்கலாம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்கவைத்து உயரம் அளக்க வேண்டும். மறந்துபோய் ஒன்றரை வயதுக் குழந்தையை நிற்கவைத்து அளந்துவிட்டால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஏழு மில்லிமீட்டர் குழந்தையை வளர்ச்சி குன்றிய பட்டியலில் சேர்க்கவும் நீக்கவும் போதுமானது. வயதை நிறைந்த மாதங்களில் கணக்கிட வேண்டும். கிராமத்தில் பிறந்த தேதி திருவிழாவையும் மழையையும் வைத்துச் சொல்லப்படும்போது அது எளிதன்று. வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைப்பதோடு வேலை முடிவதில்லை. இந்த மாதப் புள்ளி பச்சைப் பகுதிக்குள் இருந்தாலும், மூன்று மாதமாகக் கோடு படுத்துக்கிடந்தால் அந்தக் குழந்தைக்கு ஏதோ சரியில்லை. புள்ளியை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. கோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, எடைக்கருவி காட்டாதவை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கவில்லையா, அல்லது கேட்டும் மற்றவர் முகம் பார்ப்பதைத் தவிர்க்கிறதா? இரண்டரை வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தையைப் பார்த்து 'அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று பாட்டி சொல்லும்போது அதை எப்படி மறுப்பது? பாட்டியைப் பகைத்துக்கொண்டால் குழந்தை மறுநாள் மையத்துக்கு வராது. பேசாமல் இருந்தால் பயிற்சிக்கு ஏற்ற காலம் கைநழுவிப் போகும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து, பிறவிக் குறை, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைச் சோதிக்கிறது. தேவைப்படும் குழந்தைகளை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆண்டில் இரண்டு நாள் போக மீதி நாள்களில் அந்தக் குழந்தையைத் தினமும் பார்க்கும் ஒரே ஆள் பால்வாடி டீச்சர்தான். குழு வரும் நாளில் குழந்தையைக் கூட்டிவந்து, 'டாக்டர், இவனைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க' என்று சொல்வது அவர் வாய்தான். அப்படிச் சொல்லும் கண்ணை உருவாக்குவது பயிற்சி.

இதே கிராமத்தில் கிராம சுகாதாரச் செவிலியரும் இருக்கிறார். அவருக்குச் செவிலியர் குழுமத்தின் பதிவு உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். பள்ளி ஆசிரியருக்கான தகுதியை ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமம் வரையறுக்கிறது. அந்தக் குழுமம் முன்பருவக் கல்விக்கான பட்டயப் படிப்பையும் வரையறுத்திருக்கிறது. ஆனால் அங்கன்வாடி நியமனத்துக்கு அது கட்டாயமில்லை. குழந்தையைத் தொடும் எல்லோருக்கும் ஒரு குழுமமோ பதிவோ இருக்க, மிகச் சிறிய குழந்தையோடு மிக அதிக நேரம் இருப்பவருக்கு ஒன்றும் இல்லை.

சமூகவியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. அமிதாய் எட்சியோனி தொகுத்து 1969இல் வெளியான நூல் பள்ளி ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரை 'அரைத் தொழிலர்' என்று வகைப்படுத்தியது: குறுகிய பயிற்சியும் குறைந்த தன்னுரிமையும் கொண்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். நிலைமையை விவரிப்பதற்கு இந்த வகைப்பாடு உதவும். ஆனால் பயிற்சி குறைவாகத் தரப்பட்டதால் வேலை எளியது ஆகிவிடாது. அங்கன்வாடியைப் பொறுத்தவரை வேலை முழுமையாகவும் ஏற்பு அரையாகவும் இருக்கின்றன.

4. நீதிமன்றங்கள் சொன்னவை

கர்நாடக அரசு எதிர் அமீர்பி வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர் அரசின் குடிமைப் பணியிடம் எதையும் வகிக்கவில்லை என்றது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, மணிபென் மகன்பாய் பாரியா வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ். ஓகா அமர்வு, 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இடையில் மாறியது என்ன? 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக உணவு தருவதைச் சட்டக் கடமையாக்கியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முன்பருவக் கல்வியைப் பற்றிப் பேசுகிறது. சட்டக் கடமையை நிறைவேற்றும் நிறுவனத்தில் வேலை செய்பவரைத் தொண்டர் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது என்ற இடத்துக்கு நீதிமன்றம் வந்து சேர்ந்தது. 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடும் திட்டப் பணியாளரைத் தொழிலாளராக ஏற்கவும், குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தரவும் பரிந்துரைத்திருந்தது. ஒன்றிய அரசு 2018 அக்டோபரில் செய்தது, மாத மதிப்பூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாய்க்கு உயர்த்தியது மட்டுமே. மீதியை மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி சேர்க்கின்றன.

தமிழ்நாடு பிற மாநிலங்கள் பலவற்றைவிட மேலான நிலையில் இருக்கிறது என்பதை மறுக்கக் கூடாது. இங்கே 'சிறப்புக் காலமுறை ஊதியம்' உண்டு. ஆனால் அரசு ஊழியருக்குரிய காலமுறை ஊதியத்திலிருந்து இவர்களை விலக்கி வைக்கும் வேலியாக இருப்பதும் அந்தச் 'சிறப்பு' என்ற அடைமொழிதான். சங்கங்களின் போராட்டங்கள் அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நடக்கின்றன.

5. ஒரு சோதனையும் இரண்டு வாசிப்புகளும்

ஆலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் ஒரு சோதனை நடத்தினர். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்தனர். மற்ற மையங்கள் பழையபடி இயங்கின. கூடுதல் ஆள் கிடைத்த மையங்களில் குழந்தைகளுக்குக் கற்பித்த நேரம் இருமடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப் பின் கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. கல்வி ஆய்வுகளில் இவை பெரிய அளவுகள். உயரம் குன்றிய குழந்தைகளின் விகிதமும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன.

கடைசி வரிதான் முக்கியம். கூடுதல் ஆள் கற்பிக்க வந்தவர். உணவோடு அவருக்குத் தொடர்பில்லை. பிறகு ஏன் ஊட்டக்குறைவு குறைந்தது? ஏற்கெனவே இருந்த டீச்சருக்கு நேரம் கிடைத்தது. அவர் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனித்தார்.

இந்த முடிவை இரு விதமாக வாசிக்கலாம். ஆய்வாளர்கள் அழுத்தம் தருவது செலவு-பயன் கணக்குக்கு: குறைந்த செலவில், நீண்ட பயிற்சி பெறாத உள்ளூர்ப் பெண்ணைக் கொண்டே இவ்வளவு பயன் கிடைக்கும் என்றால் அரசு தயங்கக் காரணமில்லை. நிதித்துறையின் காதில் விழும் வாதம் இது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவு குறைவாக இருப்பது ஏன்? பெண்ணின் உழைப்பு சந்தையில் மலிவாகக் கிடைப்பதால். இந்த வாசிப்பை அப்படியே ஏற்றால், ஏற்கெனவே தொண்டராக நிறுத்தப்பட்டவர் பக்கத்தில் அவரினும் மலிவான இன்னொரு தொண்டரை நிறுத்துவதில் முடியும்.

இரண்டாவது வாசிப்பு, பழைய டீச்சரைப் பற்றியது. அவரிடம் திறன் இல்லை, அக்கறை இல்லை என்ற குற்றச்சாட்டு பல காலமாக இருக்கிறது. சோதனையில் அவர் மாற்றப்படவில்லை, தண்டிக்கப்படவில்லை, ஊக்கத்தொகையும் பெறவில்லை. நேரம் மட்டும் கிடைத்தது, குழந்தைகள் தேறினார்கள். குறை ஆளிடம் இல்லை, ஒரே ஆளிடம் இரண்டு தொழில்களைச் சுமத்திய ஏற்பாட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

நேரம் எங்கே போகிறது என்பதும் மர்மமில்லை. பல ஆண்டுகளாகப் பதினொரு பதிவேடுகள். 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலி. 2025 முதல் வீட்டுக்குத் தரும் சத்துமாவுக்கு முகப்பதிவு. உதவியாளர் விடுப்பில் இருந்தால் சமையலும் அவரே. பக்கத்து மையம் காலியாக இருந்தால் அது 'கூடுதல் பொறுப்பு'. மாநிலத்தில் மையங்கள் 54,439. அவற்றின் காலியிடங்கள் ஆண்டுக் கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்த காலங்கள் உண்டு.

6. எல்.கே.ஜி. வந்த கதை

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியார் மழலையர் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத பெற்றோருக்கு அது பெரிய நம்பிக்கை. கற்பிப்பதற்கு உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அனுப்பப்பட்டனர். ஆசிரியர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் போடப்பட்டது. அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று, இது தங்களுக்குப் பதவியிறக்கம் என்பது.

அவர்களைக் குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. தொடக்கப் பள்ளிக்கென்று பயிற்சி பெற்றவரை மூன்று வயதுக் குழந்தைகளிடம் அனுப்பியது நிர்வாகத்தின் பிழை. ஆனால் 'பதவியிறக்கம்' என்ற சொல் அந்த நேரத்தில் எல்லோருக்கும் இயல்பாகவே பட்டது என்பதுதான் என்னை வருத்துகிறது. குழந்தையின் வயது குறையக் குறையக் கற்பிப்பவரின் மதிப்பும் குறையும் என்ற படிநிலையை நாம் அனைவரும் கேள்வியின்றி ஏற்றிருக்கிறோம். 2022இல் அந்த ஆசிரியர்கள் பள்ளிகளுக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். வகுப்புகள் நிறுத்தப்படும் என்ற செய்தி எதிர்ப்பைக் கிளப்பியதும், மாதம் 5,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு தொடர முடிவானது. ஒரே வகுப்பறை, ஒரே குழந்தைகள். கற்பித்தவரின் ஊதியம் மட்டும் ஒரே நாளில் அடிமட்டத்துக்கு வந்தது.

7. பயிற்சி என்ற பெயரில்

2020இன் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயமும் தர வேண்டும் என்றது. வேலைக்கு இடையூறின்றித் தொலைக்காட்சி, கைப்பேசி வழியாகவும் கற்கலாம் என்று சேர்த்துக்கொண்டது. பிறகு 2023இல் வந்த 'போஷன் பீ, படாயீ பீ' திட்டத்தில் அது மூன்று நாள் பயிற்சியாகச் சுருங்கியது. மூன்று நாளில் ஒரு செயலியைப் பயன்படுத்தக் கற்பிக்கலாம். இரண்டரை வயதிலும் பேசாத குழந்தையின் பாட்டியிடம் எப்படிப் பேசுவது என்பதைக் கற்பிக்க முடியாது. தமிழ்நாட்டின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு பொருள் என்று அழகாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. அதை நடத்த வேண்டியவருக்கு அதற்கான காலை நேரம் இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

தகுதியை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கைக்குள் ஓர் ஆபத்தும் உண்டு. பட்டம் கட்டாயமானால், இருபது முப்பது ஆண்டுகளாக இந்த வேலையைத் தாங்கிவந்த பெண்கள் வெளியே தள்ளப்படலாம்; ஊரின் மொழியும் சாதிச் சிக்கலும் வீட்டு நிலவரமும் அறிந்தவரின் இடத்துக்கு நகரத்தில் பட்டயம் பெற்றவர் வரலாம். அது நேரக்கூடாது. கொட்டாம்பட்டியில் செய்ததுபோல அனுபவத்தை அறிவாக ஏற்று, பணியில் இருப்போருக்கே ஊதியத்துடன் கூடிய பயிற்சி விடுப்பும் அதன் முடிவில் பதிவும் தருவதே முறை.

எனவே தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு மையத்துக்கும் முன்பருவக் கல்விக்கெனத் தனியாக ஒரு பணியாளர், முழு ஊதியத்தில். இருவருக்கும் 'சிறப்பு' என்ற அடைமொழி இல்லாத காலமுறை ஊதியம். ஆறு மாதத்துக்குக் குறையாத, நேரடியான பயிற்சி. முதல் கோரிக்கையின் பயன் என்ன என்பது நம் மாநிலத்தின் 320 மையங்களில் ஏற்கெனவே அளந்து பார்க்கப்பட்டுவிட்டது.